தையில் கல்யாணம், கார்த்திகையில் கழுத்து ஆபரேஷனா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஊர் குடியாத்தம். அம்மாவுக்கு 57 வயது, தாடைக்குக் கீழே சதை தொங்குகிறது. சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அண்ணனுக்குத் தை மாதம் கல்யாணம். சென்னையில் பார்த்த டாக்டர் நெக் லிஃப்ட் (தொங்கும் கழுத்துச் சதையை ஏற்றித் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாம், கார்த்திகைக் கடைசியில் வைத்துக்கொண்டால் பத்து நாளில் எழுந்து நடமாடலாம் என்று சொல்லியிருக்கிறார். வலி எப்படி இருக்கும், தழும்பு தெரியுமா, தாலியை எத்தனை நாள் கழற்ற வேண்டும், அன்றைக்கே காரில் ஊர் திரும்பலாமா, இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது இரண்டே கேள்விகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுகர் இருக்கிற உடம்புக்கு இது தாங்குமா? மேடையில் அம்மா நிற்கும்போது பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்குமா? முதல் கேள்விக்குப் பதில்: சுகர் கட்டுக்குள் இருந்தால் தாங்கும். இரண்டாவதற்கு: அந்தத் தேதியில் செய்தால் உறுதி தர முடியாது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் பிளாஸ்டிக் சர்ஜன். வேலூர், ராணிப்பேட்டைப் பக்கம்தான் பல வருடமாக வேலை. இந்தப் பக்கத்தில் எங்கள் துறை அழகுக்காக வளர்ந்தது இல்லை. 1940களின் பிற்பகுதியில் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் பால் பிராண்ட் என்ற சர்ஜன் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டினார். பிறகு கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் அந்த வேலை தொடர்ந்தது. எனக்கும் அன்றாடம் வருவது அடுப்படித் தீக்காயம், மிஷினில் மாட்டிய கை, பைக் விபத்தில் கிழிந்த முகம். கழுத்துச் சதையைத் தூக்கச் சொல்லி வருகிறவர்கள் குறைவு, இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறார்கள். தினமும் இதையே செய்கிற பெருநகர சர்ஜனுக்குக் கை இன்னும் பழகியிருக்கும். ஆனால் கழுத்துத் தோல் எப்படி ஆறும், எங்கே அடம்பிடிக்கும் என்பது தீக்காயம் பார்க்கிறவனுக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தகுதியில் எழுதுகிறேன். உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

தொங்குவது என்ன என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தோல் தளர்ந்திருக்கலாம். தோலுக்குக் கீழே கொழுப்பு சேர்ந்திருக்கலாம். அதற்கும் கீழே பிளாட்டிஸ்மா என்று ஒரு மெல்லிய தசை, நெஞ்சின் மேல் பகுதியிலிருந்து தாடை வரை விரிப்பு மாதிரி போகிறது. வயதானால் அதன் முன் ஓரங்கள் தளர்ந்து இரண்டு பட்டையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். தசைக்கும் கீழே இருக்கிற உமிழ்நீர்ச் சுரப்பி இறங்கியிருக்கலாம். தாடை எலும்பே சிறியதாக, பின்னுக்குத் தள்ளி இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் இரட்டைத் தாடை தெரியும். கண்ணாடியில் பார்க்கும்போது எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும், வைத்தியம் மட்டும் வேறு வேறு. பஞ்சு சரிந்து கிடக்கும் தலையணைக்கு உறையை மட்டும் இழுத்துக் கட்டினால் எத்தனை நாள் நிற்கும்? தோலை மட்டும் வெட்டி இழுத்துத் தைக்கிற ஆபரேஷனும் அவ்வளவுதான் நிற்கும்.

அதனால் கழுத்தைப் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் உட்கார வைத்து, பின்னால் நின்று இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வேன். விழுங்கும்போது கட்டி மேலே ஏறி இறங்கினால் தைராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நாக்கை நீட்டச் சொல்லி, அப்போது கட்டி மேலே இழுபட்டால் அது பிறவியிலேயே தங்கிவிட்ட ஒருவகை நீர்க்கட்டியாக இருக்கலாம். தாடைக்கு அடியில் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டையாகக் கையில் தட்டுப்பட்டால் நெறிக்கட்டி; நம் ஊரில் அதற்கு டி.பி.யும் ஒரு காரணம், வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் இருந்தால் வாய்ப் புற்றுநோயும் ஒரு காரணம். ஆகவே வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தும் பார்த்துவிடுவேன். சதை தொங்குகிறது என்று வந்து தைராய்டு ஸ்கேனுக்குப் போனவர்கள் உண்டு. உங்கள் அம்மாவின் கழுத்தை அந்த டாக்டர் கையால் தொட்டுப் பார்த்தாரா, வெறும் போட்டோவை வைத்துச் சொன்னாரா என்று நீங்கள் எழுதவில்லை. தொடவில்லை என்றால் மற்ற எதற்கும் முன்னால் அது நடக்க வேண்டும்.

இன்னொன்று, சுகர் இருக்கிற சிலருக்குக் கழுத்தைச் சுற்றி வெல்வெட் மாதிரி கறுத்துத் தடித்துப் போகும். பலர் அதை அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். நெக் லிஃப்ட் செய்தால் அந்தக் கறுப்பு போகாது. அம்மாவுக்கு உண்மையில் உறுத்துவது அந்தக் கறுப்பா, தொங்கலா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆபரேஷனில் என்ன செய்கிறார்கள் என்றால், தாடைக்கு அடியில் மடிப்பு விழுகிற இடத்தில் சுமார் மூன்று சென்டிமீட்டர் கீறல். அதன் வழியாகத் தேவைப்பட்ட கொழுப்பை எடுத்து, பட்டையாக நிற்கும் தசை ஓரங்களை நடுவில் சேர்த்துத் தைப்பார்கள். தோலும் அதிகமாகத் தொங்கினால் காது மடலைச் சுற்றி, காதுக்குப் பின்னால், முடிக்குள் போகிற மாதிரி இன்னொரு கீறல்; தோலைப் பின்பக்கமாக நகர்த்தி மிச்சத்தை வெட்டித் தைப்பார்கள். இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். முழு மயக்கத்திலும் செய்யலாம், மரத்துப்போகும் ஊசியோடு தூக்க மருந்து கொடுத்தும் செய்யலாம். வயது குறைவு, தோல் இறுக்கமாக இருக்கிறது, கொழுப்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் கொழுப்பை உறிஞ்சி எடுத்தாலே போதும். 57 வயதில் அது மட்டும் போதுவது அபூர்வம், காலியான தோல் இன்னும் தொங்கிவிடும். அதே சமயம் கொழுப்பை வழித்து எடுப்பதும் தப்பு. நடுவில் குழி விழுந்து, இரண்டு பக்கமும் தசை எடுப்பாகத் தெரியும். அதைச் சரிசெய்வது முதல் ஆபரேஷனை விடக் கஷ்டம்.

இப்போது சுகர். இது அவசர ஆபரேஷன் இல்லை, ஒரு வருடம் தள்ளிப் போட்டாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் இதில் நான் கறாராக இருப்பேன். மூன்று மாத சராசரி சுகர், அதாவது எச்பிஏ1சி, 7-க்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தேதி கொடுப்பேன். 8 வரை ஒத்துக்கொள்கிற சர்ஜன்களும் இருக்கிறார்கள், இந்த எண்ணில் எல்லோருக்கும் ஒரே கருத்து கிடையாது. சுகர் கூடுதலாக இருந்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. காதுக்குப் பின்னால் நகர்த்தித் தைக்கும் தோலுக்கு ரத்த ஓட்டம் ஏற்கெனவே மெலிந்துதான் இருக்கும். புகை பிடிப்பவர்களுக்கு அந்த இடம் கறுத்துச் செத்துப்போகவும் செய்யும். அவர்கள் முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரமாவது நிறுத்தியே ஆக வேண்டும். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இருக்காது, ஆனால் வீட்டில் மாவாவோ புகையிலையோ யாருக்கும் தெரியாமல் அடக்குகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நிக்கோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் ரத்தக்குழாயைச் சுருக்கும். தனியாகக் கேளுங்கள்.

மாத்திரைச் சீட்டை முழுதாக மயக்க டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோப்பிடோக்ரெல் எதையாவது சாப்பிடுகிறார் என்றால் சில நாள் முன்பு நிறுத்தச் சொல்வார்கள், ஆனால் எழுதிக் கொடுத்த இதய டாக்டரின் சம்மதத்தோடுதான். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் அழகு ஆபரேஷனுக்காகத் தானாக நிறுத்தினால் அது உயிரோடு விளையாடுவது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரைகளை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை, நாட்டு மருந்துப் பொடி இதெல்லாம் மருந்து இல்லை என்று நினைத்துச் சொல்லாமல் விடுவார்கள். அதில் சில ரத்தம் கசிவதைக் கூட்டும், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். பிரஷர் மாத்திரையை ஆபரேஷன் காலையிலும் ஒரு வாய்த் தண்ணீரோடு சாப்பிடச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். எதைச் சாப்பிட வேண்டும், எதை விட வேண்டும் என்று மட்டும் மயக்க டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரஷரைப் பற்றி இத்தனை பேசுவதற்குக் காரணம் முதல் ராத்திரி. இந்த ஆபரேஷனில் நாங்கள் அதிகம் பயப்படுவது தோலுக்கு அடியில் ரத்தம் கட்டிக்கொள்வதற்குத்தான். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் வரும். பிரஷர் ஏறினால், வாந்தி எடுத்தால், இருமினால், மலச்சிக்கலில் முக்கினால் வாய்ப்பு கூடும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி, கல் மாதிரி இறுகி, அந்தப் பக்கம் மட்டும் வலி ஏறிக்கொண்டே போனால் அதுதான். திரும்பத் தியேட்டருக்குக் கொண்டுபோய் ரத்தத்தை எடுக்க வேண்டும், தாமதித்தால் மேலே இருக்கிற தோல் செத்துப்போகும். அபூர்வமாக மூச்சுக்குழாயையே அழுத்தும். சென்னையிலிருந்து வேலூர் வரவே சுமார் 140 கிலோமீட்டர், குடியாத்தம் அதற்கும் அப்பால். பள்ளிகொண்டா பக்கத்தில் நள்ளிரவில் கழுத்து வீங்கினால் காரை எங்கே திருப்புவீர்கள்? ஆகவே அன்றைக்கே ஊர் திரும்பும் யோசனையை விட்டுவிடுங்கள். முதல் ராத்திரி ஆஸ்பத்திரியில், அப்புறம் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேரத் தூரத்துக்குள் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ. ராத்திரி இரண்டு மணிக்கு யார் போனை எடுப்பார்கள் என்று அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். ரிசப்ஷன் நம்பரை மட்டும் கொடுத்தால் எனக்கு அது பிடிக்காது.

காதுக்குப் பின்னால் சின்ன ரப்பர் குழாய் வைத்து அதன் முனையில் உருண்டை டப்பா தொங்கவிட்டிருப்பார்கள். அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயப்படுவார்கள். அதில் சேரும் நீர் முதலில் சிவப்பாக இருந்து, பிறகு வெளுத்து, ஓரிரு நாளில் குறைந்துவிடும், எடுத்துவிடுவார்கள். குழாய் வைத்தால் ரத்தம் கட்டாது என்று நினைக்காதீர்கள். நீர் சேர்வதையும் கன்றிப்போவதையும் அது குறைக்கும், பெரிய ரத்தக்கட்டைத் தடுக்கும் என்று நிரூபணம் இல்லை. தாடையைச் சுற்றிப் போடும் இலாஸ்டிக் பட்டையும் இதே கதைதான். ஒரு வாரம் போடச் சொல்கிறோம், எனக்கும் அது வழக்கம், ஆனால் அதற்கான ஆதாரம் வலுவானது இல்லை. இறுக்கிப் போட்டால் நல்லது என்று வீட்டில் ஒரு கொக்கி கூடுதலாக மாட்டிவிடாதீர்கள், அது ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும்.

வலி நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்காது. பெரும்பாலானவர்கள் வலி என்று சொல்வதில்லை, யாரோ கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இறுக்கமாக இருக்கிறது என்கிறார்கள். பாராசிட்டமால் பெரும்பாலும் போதும். வீட்டில் கிடக்கும் மற்ற வலி மாத்திரைகளைச் சர்ஜனைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். வீக்கமும் நீலம் பாய்வதும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அன்றைக்குக் கண்ணாடி பார்த்துவிட்டு அம்மா அழுதால் அது வழக்கம்தான். நீலம் மஞ்சளாகி, புவி இழுப்பில் நெஞ்சு வரை இறங்கி மறையும். தாடைக்கடியில் இருக்கும் தையலை ஐந்திலிருந்து ஏழு நாளில் பிரிப்பார்கள், காதுக்குப் பின்னால் இருப்பதைப் பத்திலிருந்து பதினான்கு நாளில். பெரிய வீக்கம் இரண்டு மூன்று வாரத்தில் வடியும், மிச்சம் மீதி வடிய மாதக்கணக்கில் ஆகும். தூங்கும்போது மேல் உடம்பு உயர்ந்திருக்க வேண்டும், ஆனால் தடித்த தலையணை இரண்டைத் தலைக்கு மட்டும் வைத்துத் தாடையை நெஞ்சில் மடக்கிப் படுக்கக் கூடாது. குனிந்து செல்போன் பார்ப்பதும் அதே மடக்குதான்.

ஒத்தடத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காது மடலுக்கும் கழுத்தின் பக்கவாட்டுக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு, தோலை நகர்த்தும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் போகிறது. இந்த ஆபரேஷனில் அதிகமாக அடிபடுவது அந்த நரம்புதான். அது அடிபடாவிட்டாலும் தோலில் இருக்கும் மெல்லிய நரம்பு இழைகள் அறுபடுவதால் சில மாதம் கழுத்தும் காதும் மரத்துக் கிடக்கும். பாட்டியோ அத்தையோ பாசத்தில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பார்கள். நமக்குச் சுட்டால் கையை இழுத்துக்கொள்வோம். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, அப்படியே கொப்புளம் கட்டிவிடும். புதிதாக ஒட்டிக்கொண்டிருக்கும் தோலில் தீக்காயம் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விவரிக்க வேண்டாம். ஐஸ் கட்டியை நேராக வைப்பதும் அதே கேடு. தலை துவட்ட ஹேர் டிரையர் போட்டால் குளிர்ந்த காற்றில் மட்டும். ஜிமிக்கியின் கொக்கி குத்தினாலும் உறைக்காது என்பதால் யாராவது பார்த்து மாட்டிவிட வேண்டும்.

தாலிக்கு வருகிறேன். இந்தக் கேள்வியை ஆஸ்பத்திரியில் பலர் கூச்சப்பட்டுக் கேட்காமலே விட்டு, கடைசியில் தியேட்டர் வாசலில் நின்று கண்ணீர் விடுவார்கள். மற்ற ஆபரேஷன்களில் தாலியைத் துணி சுற்றி விட்டுவைக்க முடிகிறது, கழுத்து ஆபரேஷனில் வழியே இல்லை. கழுத்து முழுக்க வெறுமையாக இருக்க வேண்டும். எங்கள் பக்கம் பெண்கள் மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டு வருவார்கள். மின்கருவி பயன்படுத்துவதால் தங்கம் எதுவும் உடம்பில் வேண்டாம், வெறும் கயிறாக இருந்தால் நர்ஸிடம் முன்பே பேசிவைத்துக்கொள்ளலாம். எத்தனை நாள் கழித்துத் திரும்பப் போடுவது என்பதற்கு எழுதிவைத்த விதி கிடையாது. கட்டு, குழாய், தையல் எல்லாம் போய்ப் புண் மூடிய பிறகு, அதாவது இரண்டு மூன்று வாரத்தில், மெல்லிய சங்கிலியில் போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஈரமான மஞ்சள் கயிறு கொஞ்சம் பொறுக்கட்டும், உரசும், நமைச்சல் கொடுக்கும். புண் மேல் மஞ்சள் பூசுவதும் வேண்டாம். கனமான ஆரம், அட்டிகை எல்லாம் ஆறு வாரத்துக்கு மேல். இதில் முக்கியமானது மாட்டல். கம்மலிலிருந்து காதுக்கு மேலாகப் பின் முடியில் கொக்கி போடுகிறோமே, அந்தச் சங்கிலி சரியாகத் தழும்பு இருக்கிற பாதையில்தான் உட்காரும். காது மடலைக் கீழே இழுக்கிற கனமான ஜிமிக்கியும் அப்படியே. அந்த இழுப்பில் மடல் தாடையோடு ஒட்டி நீண்டுவிட வாய்ப்பு உண்டு. மேடையில் மாட்டல் இல்லாமல் நிற்க அம்மா சம்மதிப்பாரா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தழும்பு கட்டாயம் இருக்கும். எங்கே ஒளிக்கிறோம் என்பதுதான் எங்கள் வேலை. வெள்ளைத்தோல் நோயாளிகளை வைத்துச் சொல்லப்படும் கணக்கு நமக்கு அப்படியே பொருந்தாது. நம் தோலில் தழும்பு முதலில் சிவந்து, பிறகு கறுத்து, மங்குவதற்கு ஒரு வருடம் வரை எடுத்துக்கொள்ளும். தடித்து வளரும் கெலாய்டும் நமக்குக் கூடுதல், அதிலும் காது மடல் அதற்குப் பிடித்த இடம். அம்மாவுக்கு இரண்டாவது காது குத்தியிருந்தால் அந்த ஓட்டைக்குப் பின்னால் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிசேரியன் தழும்பு, சின்ன வயதில் போட்ட தடுப்பூசித் தழும்பு, அவருடைய அக்கா தங்கைகளின் காது, இத்தனையையும் பாருங்கள். எங்காவது கெலாய்டு இருந்தால் நான் காதைச் சுற்றிக் கீறத் தயங்குவேன். எதுவும் இல்லை என்றால் புண் மூடிய பிறகு சிலிகான் ஜெல்லோ சிலிகான் ஒட்டுப் பட்டையோ இரண்டு மூன்று மாதம் பயன்படுத்துவதில் ஓரளவு பலன் உண்டு. வெயில் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொள்வதிலும் பலன் உண்டு, செலவும் இல்லை. மேடையில் மல்லிகைச் சரம் காதுக்குப் பின்னால் இருப்பதை மறைத்துவிடும், தாடைக்கடியில் இருப்பதைக் கீழே உட்கார்ந்திருக்கும் வீடியோகிராபர் மட்டும்தான் பார்ப்பார்.

நிரந்தரமாக ஏதாவது ஆகிவிடுமா என்றால், கீழ் உதட்டை இறக்கும் நரம்பு ஒன்று தாடை ஓரமாகப் போகிறது. அது அடிபட்டால் சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் கோணும். பெரும்பாலும் சில வாரங்களிலிருந்து சில மாதங்களில் சரியாகும், நிரந்தரமாக நிற்பது அபூர்வம், ஆனால் பூஜ்யம் இல்லை. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் அது சரியான சம்மதம் இல்லை.

பத்தியம். கத்தரிக்காய், கருவாடு, முட்டை வேண்டாம், சீழ் வைக்கும் என்று வீட்டில் பட்டியல் தயாராக இருக்கும். எங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, ஆனாலும் எங்கள் வார்டில் அதற்கு இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. கத்தரிக்காயால் சீழ் பிடிக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சாப்பிட்டால் ஏற்கெனவே அரிப்பு வருகிறவர்கள் மட்டும் தவிர்க்கலாம். முட்டையையும் பருப்பையும் நிறுத்துவதுதான் உண்மையான கெடுதல், புண் ஆறப் புரதம் வேண்டும். முதல் சில நாள் வாயைப் பெரிதாகத் திறந்து மெல்ல முடியாது, இட்லி, குழைந்த சாதம், கஞ்சி, அவித்த முட்டை போதும். உப்பு குறைவாக, தண்ணீர் தாராளமாக. ஆபரேஷன் செய்தவர் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இப்போது தேதியைப் பார்ப்போம். கார்த்திகைக் கடைசியில் செய்தால் தையில் எந்த முகூர்த்தம் என்பதைப் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு வாரம் கிடைக்கும். எழுந்து நடமாட பத்து நாள் என்று அந்த டாக்டர் சொன்னது பொய் இல்லை. பத்து நாளில் வீட்டுக்குள் நடமாடலாம், கடைக்குக் கூடப் போகலாம். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போக வேண்டும், சீர்த்தட்டு தூக்க வேண்டும், குனிந்து நிமிர்ந்து ஆயிரம் வேலை. கனம் தூக்குவது, மூச்சு வாங்கும் வேலை எல்லாம் நான்கு வாரமாவது கூடாது என்கிறோம். ஒரு சின்ன இடத்தில் தையல் பிரிந்து புண் ஆற மூன்று வாரம் கூடுதலாக எடுத்தால், சுகர்க்காரருக்கு அது நடக்கக் கூடியதுதான், கணக்கு மொத்தமும் கவிழ்ந்துவிடும். விசேஷத்துக்கும் இந்த ஆபரேஷனுக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தால்தான் நான் ஒத்துக்கொள்வேன். என் யோசனை: கல்யாணம் முடியட்டும், அதற்குள் சுகரை இறக்குங்கள், வேண்டுமென்றால் மாசியில் செய்துகொள்ளலாம். சித்திரை, வைகாசியைத் தவிர்ப்பது நல்லது. அந்த மாதங்களில் புண் ஆறாது என்று இல்லை, வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது தாடையில் இலாஸ்டிக் பட்டையோடு இருப்பது வேர்க்குருவுக்கும் சிடுசிடுப்புக்கும் வழி.

கல்யாணத்துக்குள் கத்தி இல்லாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். துருத்தி நிற்கும் தசைப் பட்டைக்கு போடாக்ஸ் ஊசி போட்டால் மூன்று நான்கு மாதம் தளர்ந்திருக்கும், தோல் தொங்கலுக்கு அது ஒன்றும் செய்யாது. கொழுப்பைக் கரைக்கும் டீஆக்சிகோலிக் அமில ஊசிக்கு அமெரிக்காவில் 2015-ல் அனுமதி கிடைத்தது. அது கொழுப்புக்கு மட்டும், பல தடவை போட வேண்டும், ஒவ்வொரு தடவையும் வீங்கும், தளர்ந்த தோலில் போட்டால் தொங்கல் இன்னும் அதிகமாகத் தெரியும். அல்ட்ராசவுண்ட், ரேடியோ அலை மிஷின்கள் லேசான தளர்ச்சிக்குக் கொஞ்சம் உதவலாம், ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது, விளம்பரப் படத்தை நம்பிப் பணம் கட்டாதீர்கள். கிரீமால் தொங்கல் ஏறாது. சமீபத்தில் சுகருக்கோ எடைக்கோ செமாக்ளுடைட் மாதிரி ஊசி போட்டு அம்மா வேகமாக இளைத்திருந்தால் எடை ஒரு நிலைக்கு வரும் வரை எதையுமே தொட வேண்டாம். அந்த ஊசியைப் பற்றி மயக்க டாக்டரிடமும் சொல்ல வேண்டும், வயிறு காலியாவதை அது தாமதப்படுத்தும்.

எத்தனை வருடம் நிற்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பது. தசையையும் சேர்த்துத் தைத்திருந்தால் பல வருடம் நிற்கும். வயது ஏறுவது நிற்காது, எடை ஏறி இறங்கினால் சீக்கிரம் தளரும். ஐந்து, பத்து என்று எண் சொல்கிறவர்கள் சராசரியைச் சொல்கிறார்கள், உங்கள் அம்மாவுடையது எத்தனை என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது.

அப்பா வேண்டாம் என்கிறார், சித்தி செய்துகொள்ளச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வி முழுவதிலும் அம்மா என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரே ஒரு வரிதான், பயப்படுகிறார் என்று. நோயாளி கூட்டத்தோடு வந்தால் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஐந்து நிமிடம் தனியாகப் பேசுவது என் வழக்கம். அந்த ஐந்து நிமிடத்தில், மகள் ஆசைப்பட்டாள் என்பதற்காக வந்தேன் டாக்டர் என்று சொல்கிறவர்கள் உண்டு. பல வருடமாக எனக்கே ஆசை, கேட்க வெட்கமாக இருந்தது என்கிறவர்களும் உண்டு. இரண்டாம் வகை என்றால் அப்பாவைச் சமாதானப்படுத்துவது உங்கள் பொறுப்பு.

செய்கிறவர் எம்.சி.எச். அல்லது டி.என்.பி. (புதிய பெயர் DrNB) பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்கலை டிப்ளமோ போதாது. இன்சூரன்ஸ் கிடைக்காது. அழகுக்கான ஆபரேஷன் பொதுவாகப் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகு சீரமைப்பதற்கோ, உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தை நீக்கத் தேவைப்படும் சிகிச்சைக்கோதான் விதிவிலக்கு. வேறு ஏதாவது நோயின் பெயரைப் போட்டு பில் வாங்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பின்னால் அம்மாவுக்கு உண்மையாகவே இன்சூரன்ஸ் தேவைப்படும் நாளில் அந்தப் பொய்யைக் காட்டிப் பாலிசியையே ரத்து செய்வார்கள். சொந்தப் பணம் என்பதால் தியேட்டர், மயக்கம், தங்கும் நாள், பட்டை, மருந்து இதெல்லாம் சேர்ந்த தொகையா என்று கேளுங்கள். ரத்தம் கட்டித் திரும்பத் தியேட்டருக்குப் போக வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.